ஸ்டோக்ஸ் இன்னும் வரவில்லை

பிப்ரவரி 24
தபால் இல்லை.

பிப்ரவரி 26
அண்ணனின் கூடைப்பந்து அட்டை ஆல்பத்தை அண்ணி மேசைமேல் போட்டார். "தம்பி, இதெல்லாம் வித்தா எவ்வளவு தேறும்?" கேட்டதில் தப்பில்லை. அண்ணனின் மருத்துவ பில்கள் அப்படி வருகின்றன. பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு, இரவு முழுக்க ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கான்ஸ் என்ற அமெரிக்கக் கறிக் கம்பெனி 1957-58இல் போட்டது, மொத்தம் 11 அட்டை. சின்சினாட்டி ராயல்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரர்கள், கறுப்பு வெள்ளை. சுமார் 3¼-க்கு 4 அங்குலம் இருப்பதால் கடையில் விற்கும் ஒன்பது அறைத் தாளில் நுழையாது. அண்ணன் நான்கு அறைத் தாள்களைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். ட்வைமன் இருக்கிறார். அவருக்குப் பக்கத்து அறை காலி, அது ஸ்டோக்ஸுக்கு.

பிப்ரவரி 27
டிராக்கிங்கில் நேற்றிருந்த அதே வரி.

மார்ச் 1
ஹாட்டாக் பொட்டலத்தோடு இலவசமாகக் கொடுத்த அட்டை. படத்துக்குக் கீழே கான்ஸின் உபயம் என்று ஒரு வரி, கூடவே 'உலகமே காத்திருந்த சாசேஜ்' என்ற விளம்பரம். அந்தத் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். உலகம் காத்திருந்ததோ இல்லையோ, சின்சினாட்டியை விட்டால் சுற்றுவட்டாரம், அவ்வளவுதான் விற்பனை. பிள்ளைகள் பிரித்தார்கள், எண்ணெய்க் கையோடு தொட்டார்கள், சுவரில் குத்தினார்கள். மிஞ்சியது கொஞ்சம்.

பெரிய அட்டைக் கம்பெனியான டாப்ஸ் 1957-58இல் 80 அட்டை போட்டுவிட்டுக் கூடைப்பந்தையே கைகழுவியது. இன்னொரு அட்டைக் கம்பெனியான ஃப்ளீர் 1961-62இல்தான் வந்தது. நடுவில் 1960-61இல் ராயல்ஸின் ஆஸ்கர் ராபர்ட்சனின் முதல் வருடத்தை அட்டையில் பிடித்தது கறிக் கம்பெனிதான். அதே வருடம் ராயல்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்ரி வெஸ்டையும் சேர்த்தார்கள்! எல்லோரும் ஃப்ளீரைக் கொண்டாடுகிறார்கள். அண்ணனுக்கு இதில் தீராத கோபம். பேச முடிந்தால் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பேசுவார்.

மார்ச் 4
அண்ணனுக்கு விழுங்கும் பயிற்சி. இரண்டு ஸ்பூன் தயிர் இறங்கியது. அண்ணி அழுதார்.

மார்ச் 7
தூக்கமில்லை. மறுபடி அந்த விமானம்தான் நினைவில்.

ராயல்ஸ் ஆட்டக்காரர் மாரிஸ் ஸ்டோக்ஸ் மினியாபொலிஸில் கீழே விழுந்து தலையில் அடிபட்டது 1958 மார்ச் 12. சீசனின் கடைசி லீக் ஆட்டம். மயக்கம் தெளிந்ததும் மறுபடி இறங்கி ஆடினார். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் ப்ளேஆஃப் ஆட்டம், 12 புள்ளி, 15 ரீபவுண்ட். ஊர் திரும்பும் விமானத்தில் உடம்பு விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஆட்டமே இல்லை. அந்த மூன்று நாளில் யாராவது ஸ்கேன்... அப்போது ஏது ஸ்கேன். அண்ணனும் அன்று காலை, தலை லேசாகச் சுற்றுகிறது, வெயிலாக இருக்கும் என்றுதான்

போதும்.

மார்ச் 9
ஜாக் ட்வைமன் கூட ஆடியவர், அவ்வளவுதான். உறவில்லை. ஸ்டோக்ஸுக்குச் சட்டப்படி காப்பாளராகி, இழப்பீடு வாங்கித் தந்து, செலவுக்கு ஆட்டங்கள் நடத்திப் பணம் திரட்டினார். ஸ்டோக்ஸ் 1970இல் இறக்கும்வரை. 1959-60இல் ஆட்டத்துக்கு 31.2 புள்ளி எடுத்ததும் இதே மனிதர்தான். பேச்சு போன ஸ்டோக்ஸிடம் ட்வைமன் எழுத்துகளை வரிசையாகச் சொல்வார், சரியான எழுத்துக்கு ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார்.

இன்று அண்ணனிடம் முயன்றேன். தமிழில் 247. உயிரா, மெய்யா, உயிர்மெய்யா என்று பிரித்துக் கேட்பதற்குள் நர்ஸ் மருந்தோடு வந்துவிட்டார். ஆங்கிலமே மேல் என்று முடிவு.

மார்ச் 10
"விக்கறதா இல்லையா?" பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 12
அண்ணனிடம் தேதியைச் சொல்லவில்லை.

மார்ச் 14
வந்துவிட்டது!

மேல் மூலை மடிந்திருக்கிறது, இடது ஓரத்தில் எண்ணெய்க் கறை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். படம் முழுக்கப் புள்ளி, எழுத்துகள் மட்டும் கெட்டி மை. மறுஅச்சாக இருந்தால் எழுத்தும் புள்ளியாகச் சிதறியிருக்கும். மூன்று முறை பார்த்தேன். கெட்டிதான். கறையை முகர்ந்தும் பார்த்தேன், வாசனை இல்லை. என்ன எதிர்பார்த்தேனோ.

மார்ச் 15
முகத்துக்கு நேரே பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணால் ஏதோ கேட்டார். எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தேன். எச். ஓ. டபிள்யூ. எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாரோ என்று நினைத்தேன். எம். யூ.

விலை கேட்கிறார்!

பாதியைச் சொன்னேன். அண்ணி பின்னால் நின்றுகொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு அந்தப் பாதியே அதிகம்.

மார்ச் 16
பயிற்சி நேரத்தை 10 மணிக்கு மாற்றிவிட்டார்கள். அலுவலகத்தில் சொல்ல வேண்டும். அண்ணி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் நான்கு அறைத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று