மேட்டுத்தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறுவதில்லை?

30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். ஒருமுறை நிரப்பினால் 545 பேருக்குப் போதும். ஆனால் எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் பள்ளத்தெருவில் குடம் வழியும், மேட்டில் குழாய் காற்றுதான் விடும்.

தெருவாரியாக கேட் வால்வு போடுங்க. தொட்டி நிறைந்திருக்கும்போதே மேட்டுத்தெருவை மட்டும் திறங்க, பள்ளம் அப்புறம். எல்லா வீட்டுக்கும் அரை இஞ்ச் இணைப்புதான் இருக்கணும். (முக்கால் இஞ்ச் யார் வீட்டில் இருக்கும்னு ஊருக்கே தெரியும்.)

குழாயில் நேரடியா மோட்டார் மாட்டுவது பச்சைத் திருட்டு. பக்கத்து வீட்டுப் பங்கு போவதோடு, உள்ளே அழுத்தம் குறைந்து, கசிவுள்ள இடத்தில் சாக்கடையையும் இழுக்கும். கிருமி கொல்லப் போடும் குளோரினைத் தொட்டிப் பக்கத்தில் மட்டும் சோதித்துப் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்.