‘நான்-காப்பிரைட்’ எங்கக்கா கிடைக்கும்?

மார்ச் மாதக் கடைசி வாரம் வந்தால் எங்கள் ஒலிக்கூடத்துக் கதவு மூடுவதே இல்லை. குறும்படம் ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருக்கும். எடிட்டிங் முடித்து, டப்பிங் முடித்து, கலர்கூடப் பார்த்து முடித்திருப்பார்கள். அப்போதுதான் இசை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி ஒரு தம்பி கேட்பான்: "அக்கா, நான்-காப்பிரைட் மியூசிக் எங்கக்கா கிடைக்கும்?"

மதுரையில் ஒரு கல்லூரியின் விஸ்காம் துறையில் 11 வருடமாக ஒலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 11 வருடமும் இதே கேள்விதான். ‘நான்-வெஜ்’ மாதிரி ‘நான்-காப்பிரைட்’ என்று ஒரு வகை கடையில் தனியாகத் தொங்குகிறது என்று நினைக்கிறார்கள். ஒருவர் மெட்டுப் போட்டுப் பதிவு செய்த அந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்தால்தான் உரிமை என்பதில்லை. உரிமையை வைத்துக்கொண்டே ‘எடுத்துக்கோ, ஆனால் இப்படி இப்படி’ என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ‘இப்படி இப்படி’தான் உரிமம். அதைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது.

எனக்கும் இருந்ததில்லை. இங்கே வருமுன் சிம்மக்கல் பக்கம் ஒரு வீடியோ கடையில் கல்யாண கேசட் எடிட் செய்துகொண்டிருந்தேன். கேசட் போய் டிவிடி வந்து பென்டிரைவ் வந்த பிறகும் ‘கல்யாண கேசட்’ என்றுதான் சொல்வோம். கடையின் சொத்தே ஒரு ஹார்ட் டிஸ்க்தான்: மாலை மாற்ற ஒரு பாட்டு, தாலி கட்ட ஒன்று, பெண் அழுகிற இடத்துக்கு மூன்று. அது யாருடையது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதற்குக் காப்புரிமைச் சட்டமே விலக்கு தருகிறது, 52ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் பந்தலில் பாட்டு ஒலிப்பது வேறு, அதே பாட்டைப் படத்தோடு ஒட்டிக் கையில் கொடுப்பது வேறு. இதை நான் தெரிந்துகொண்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். ஆகவே பிள்ளைகளை அதட்டும்போது குரலை ரொம்ப உயர்த்துவதில்லை.

அவர்கள் நம்பும் கதைகளுக்குத் தனி மரபு உண்டு. ஏழு செகண்டுக்குள் போட்டால் தப்பில்லை. கிரெடிட் போட்டுவிட்டால் போதும். பிட்சைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. ‘ஸ்டூடன்ட் ஃபிலிம்’ என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். முதலாவதை எந்த சீனியர் எந்த வருடம் கிளப்பிவிட்டானோ, நம் சட்டத்தில் அப்படிச் செகண்டுக் கணக்கு எதுவும் கிடையாது. கடைசிக் கதையில் மட்டும் அரைவாசி உண்மை. வகுப்பில் கற்றுக்கொள்வதற்காகப் பயன்படுத்த அதே 52ஆம் பிரிவு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வகுப்புக்குள் திரையிட்டு மார்க் வாங்குவதோடு படம் நின்றால் சரி. எந்தப் படம் நிற்கிறது? சாயங்காலமே யூடியூபில் ஏறிவிடும், மறுவாரம் பட விழாவுக்குப் போகும்.

சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். பாட்டின் வரிகள் ஒரு உரிமை, மெட்டு ஒரு உரிமை, அதைப் பாடிப் பதிவு செய்தது மூன்றாவது உரிமை. படத்தோடு சேர்க்க எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். ஒரு பெண் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து பழைய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பதிவுக்கு நம் நாட்டில் வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டுதான் காலம், அது தாண்டிவிட்டது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. "தட்டு நம்ம கையில இருக்கு, பாட்டு இல்லையாக்கா?" என்றாள். அவள் கேட்டதைவிடத் தெளிவாக என்னால் அதை விளக்க முடிந்ததில்லை.

இதற்காகத்தான் லைப்ரரி மியூசிக் என்று ஒன்று இருக்கிறது. லண்டனில் டி வுல்ஃப் என்ற நிறுவனம் 1909இல் ஊமைப் படங்களுக்கு வாசிக்க இசைத்தாள் கொடுக்கத் தொடங்கியது. படம் பேச ஆரம்பித்த 1927இல் பதிவு செய்த இசைக்கு மாறியது. சோகத்துக்கு, துரத்தலுக்கு, விடியலுக்கு என்று முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். மெட்டு, பதிவு இரண்டும் ஒரே கையில் இருப்பதால் ஒரே இடத்தில் அனுமதி வாங்கிவிடலாம். ஒருகாலத்தில் கிராமபோன் முள் எத்தனை தடவை தட்டில் இறங்குகிறதோ அத்தனை தடவைக்குக் காசு. அந்த வழக்கத்துக்கு ‘நீடில் டிராப்’ என்றே பெயர் நின்றுவிட்டது. இப்போது பெரும்பாலும் மாதச் சந்தா. சில இடங்களில் மாணவர்களுக்கென்று குறைந்த விலையில் தருவார்கள், ஆனால் ‘விழாக்களுக்கு மட்டும்’ என்ற மாதிரி ஒரு வரி உள்ளே இருக்கும். பின்னால் யாராவது ஓடிடிக்குக் கேட்டால் அன்று மறுபடியும் காசு. ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டால் ஒவ்வொரு திரையிடலுக்கும் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் இங்கே பெரிய தடங்கல் காசுகூட இல்லை, கார்டு. டாலரில் கேட்பான். பிள்ளைகளிடம் இருக்கும் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், நாமாகத் திறந்துவிட வேண்டும். திறந்துவிடச் சொன்னால் அப்பா ஆயிரம் கேள்வி கேட்பார்.

அந்த இரக்கத்தில்தான் நான் ஒரு தப்பைச் செய்தேன். நாலு வருடத்துக்கு முன் என் கார்டில், என் பெயரில், தனிநபர் சந்தா ஒரு மாதத்துக்கு எடுத்தேன். அந்த மாதம் ஏழு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுக்கும் நானே இறக்கிக் கொடுத்தேன். ஹோட்டலில் ஒரு சாப்பாடு வாங்கி ஏழு பேர் பங்கு போட்ட மாதிரி. இரண்டு மாதம் கழித்து ஒருவன் படத்தை யூடியூபில் ஏற்றினான், உடனே ‘இந்த இசை எங்களுடையது’ என்று கிளைம் வந்தது. பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி 2007இலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறது, அதற்கு இரக்கம் தெரியாது. நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது: சந்தா உங்கள் பெயரில், உங்கள் சேனலுக்கு. சந்தா இருந்த நாட்களில் வெளியிட்ட படத்துக்கு மட்டும்தான் உரிமம். இந்தச் சேனல் யாருடையது? பணம் கட்டியும் திருட்டாகிவிட்டது. இசையை மாற்றச் சொல்லி அந்த ஏழு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். ஐந்து பேர் மாற்றினார்கள். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்தேன். படத்தில் வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரிசை. எந்த இடம், எங்கிருந்து, எந்தத் தேதியில் இறக்கியது, என்ன உரிமம், யாருடையது என்று ஐந்து கட்டம். உரிமம் போட்டிருந்த பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தின் ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும், நாளைக்கு அந்தப் பக்கம் இருக்குமோ இருக்காதோ. முதல் நாலு கட்டத்தையும் சரசரவென்று நிரப்பிவிடுவார்கள். ஐந்தாவதில் பேனா நிற்கும். ‘கூகுள்’ என்று எழுதிய பிள்ளைகள் உண்டு.

செல்லூரில் ஒரு தறிக்காரக் குடும்பத்தைப் பற்றி 14 நிமிடப் படம் ஒன்று. நல்ல படம். ஒரு விழாவுக்குத் தேர்வாகி, இசைக்கு அனுமதிச் சான்று கேட்டுப் படிவம் வந்தது. கடைசிக் காட்சியில் ஒரு பியானோ. ‘நோ காப்பிரைட்’ என்று பெயர் வைத்த ஒரு சேனலிலிருந்து இறக்கியது. ஐந்தாவது கட்டத்தில் அந்தச் சேனலின் பெயரையே எழுதியிருந்தான். தேடிப் பார்த்தால் உண்மையில் அதை வாசித்தவர் வேறு ஒருவர், தன் பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டிருந்தார். பெயர் போடணும், வியாபாரம் கூடாது, மாற்றக் கூடாது. "நான் எதையும் மாத்தலையேக்கா, அப்படியேதான் வச்சேன்" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உரிமத்தின் முழு வாசகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது: இசையை ஓடும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையே அந்த உரிமம் ‘மாற்றம்’ என்று கணக்கில் வைக்கிறது. ஒரு நோட்டைக்கூட நகர்த்தாவிட்டாலும் அது மாற்றம்தான்.

வாசித்தவருக்கு மெயில் எழுதினோம். கையில் இரண்டு நாள்தான் இருந்தது. பதில் வரவில்லை. பியானோவை எடுத்துவிட்டுத் தறிச் சத்தத்தையே நீட்டி வைத்தோம். எடுத்ததும் படம் இன்னும் நன்றாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கடைசிக் காட்சி கொஞ்சம் மொட்டையாகத்தான் இருந்தது, இப்போது பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குப் பியானோ கேட்கிறது. விழா முடிந்த ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது, தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இசையாவது பரவாயில்லை. எஃபெக்ட்ஸ் விஷயத்தில் உரிமம் சரியாக இருந்தும் படம் கெட்டுப்போகும். பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி உரிமம், ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. பிபிசி தன் கிடங்கிலிருந்து 16,000 சத்தங்களை 2018இல் திறந்துவிட்டது. படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், விற்பனைக்குப் போகிற படத்துக்கு என்றால் தனியாக உரிமம் வாங்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் மேலூர்ப் பக்கம் நடக்கிற கதைக்கு ‘கிராமத்து விடியல்’ என்று தேடி ஒரு பெண் வைத்த சத்தத்தில் தூரத்தில் சர்ச் மணி அடித்தது, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு பறவை மணிக்கணக்காகக் கச்சேரி செய்தது. ஆம்புலன்ஸ் வந்தால் அமெரிக்க சைரன். காக்கா கத்தினால் அதுவும் வெளியூர்க் காக்கா, குரல் தடித்திருக்கும். குக்கர் விசில் கேட்டால் ஆவி சீறுகிற சத்தம் வரும். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்கிற வீடு அந்த லைப்ரரிக்குத் தெரியாது.

அதனால் கூடத்தில் இருக்கும் சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், காற்றுக்கு முடி உறை. மாட்டுத்தாவணியில் கண்டக்டர் விசில், செல்லூர்த் தறி, யாரோ ஒருவர் பாட்டி வீட்டுக் குக்கர். பறவை வேண்டும் என்றால் விடியுமுன் அரிட்டாபட்டிக்குப் போகச் சொல்வேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர். எத்தனை வண்டி குறுக்கே போகிறது என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஐந்தாவது கட்டத்தில் ‘நாங்களே’ என்று எழுதும்போது கையெழுத்துக்கூட நன்றாக வருகிறது.

‘நாங்களே’ என்று போன வருடம் ஒரு தம்பி எழுதியிருந்த இடத்தில் நான் நிறுத்தினேன். திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் சாமி புறப்பாடு, நாதஸ்வரத்தில் மல்லாரி. இரண்டு நிமிடம், அருமையாக விழுந்திருந்தது. மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது, தலைமுறை தலைமுறையாக வருகிற வாசிப்பு. நீதானே பதிவு செய்தாய், பதிவு உன்னுடையதுதான். ஆனால் வாசித்தது நீ இல்லையே?

"சாமிக்கு வாசிச்சதுதானக்கா? அதுக்கும் கேக்கணுமா?"

வாசிப்பவருக்கும் உரிமை உண்டு, சட்டத்தில் 38ஆம் பிரிவு, இப்போது 50 ஆண்டு என்று சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு வயது எழுபதுக்கு மேல், இதெல்லாம் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார், காசு கேட்டால் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டே பஸ் ஏறினான்.

போனவனுக்கு அவர் மோர் கொடுத்திருக்கிறார். போனிலேயே பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறான். பாதி கேட்டதும் நிறுத்தச் சொல்லிவிட்டார். "இத வைக்காத தம்பி. அன்னைக்கு சீவாளி சரியில்ல, காத்து கழண்டு வருது பாரு." சீவாளி என்பது நாதஸ்வரத்தின் நுனியில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. நமக்கு அருமையாகப் பட்டது அவர் காதுக்குக் குறையாக இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வா, தவிலுக்கும் சொல்லி வைக்கிறேன் என்றிருக்கிறார். நானும் கூடப் போனேன். கோயில் பிராகாரத்தில் கூட்டம் இல்லாத நேரம், மூன்று சீவாளியை மாற்றி மாற்றி ஊதிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, பதினொரு நிமிடம் நிறுத்தாமல் வாசித்தார். படத்துக்கு எங்களுக்குத் தேவை நாற்பது செகண்டு.

காசு வேண்டாம் என்றார். பையன் தவில்காரருக்கும் அவருக்கும் சேர்த்து வேட்டி துண்டு வாங்கிக் கொண்டுபோயிருந்தான், அதை வாங்கிக்கொண்டார். நோட்டை நீட்டி, ஐந்தாவது கட்டத்தைக் காட்டி, "இதுல கையெழுத்து மட்டும் போடுங்கய்யா" என்றான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, ஊர்ப் பெயர், அப்பா பெயர், குரு பெயர், அப்புறம் தன் பெயர் என்று முழுதாக எழுதினார். தவில்காரர் பெயரையும் கீழே எழுதினார். கட்டம் போதவில்லை, பக்கத்து வரிசைக்கும் போய்விட்டது. அங்கே குக்கர் விசில் எழுத வைத்திருந்தான், அடுத்த பக்கத்துக்கு மாற்றிவிட்டோம்.