பாலம் ஏறினால் தப்பு

பதினோரு வருடமாக ஒரு நடைபயணப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஃப்ரீலான்ஸ்தான். வாரத்தில் மூன்று நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. மிச்ச நாட்களில் நோட்டும் வரைபடமும் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவேன். மான்செஸ்டர் போகிற ரயிலில் அரை மணி நேரத்தில் ஈடேல் என்ற கிராமம் வந்துவிடும். இறங்கினால் சுற்றிலும் மலை.

நடப்பதற்கென்று மாதாமாதம் பத்திரிகை வருகிறது, காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். நானும் இங்கே வந்த புதிதில் நம்பவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டருக்கு நடைபாதைகள் இருக்கின்றன. பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வயல் வழியாக, தோட்டம் வழியாக, சில சமயம் வீட்டு முற்றத்தை ஒட்டியே போகும். அதில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. நிலத்துக்காரர் மறிக்க முடியாது.

அந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு பக்கத்தில் ஒரு கல்குவாரியில் சில நூறு பேர் கூடி, கிண்டர் ஸ்கவுட் மேட்டின் மேல் அத்துமீறி ஏறினார்கள். முக்கால்வாசி தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு இருபது வயது. பிரபுக்களின் பறவை வேட்டைக்காக அந்த மேடு அடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அதே பகுதிதான் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று, 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே என்ற நடைபாதை திறக்கப்பட்டது. அது ஈடேலில்தான் தொடங்குகிறது. நான் வழி எழுதிச் சம்பாதிப்பது இந்த மண்ணில். அந்த ஐந்து பேரை நினைக்காமல் அந்த ஸ்டேஷனில் இறங்க என்னால் முடிவதில்லை.

முதல் கட்டுரையை மிகவும் ஆசைப்பட்டு எழுதினேன். மூடுபனி, ஆட்டுக்குட்டிகளின் சத்தம், சுண்ணாம்புக் கல் வெளுப்பு எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியில் வழி பற்றி ஒரே ஒரு பத்தி. எடிட்டர் போன் செய்தார். "படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் மூன்றாவது வயலிலேயே நான் தொலைந்துபோவேன்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அவர் வழியை உண்மையிலேயே மனதில் நடந்து பார்த்திருக்கிறார் என்பது அந்த 'மூன்றாவது வயல்' என்ற சொல்லில் தெரிந்தது.

கட்டுரையின் ஓரத்தில் ஒரு கட்டம் வரும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், எந்த எண் வரைபடம், எவ்வளவு நேரம், டீ எங்கே கிடைக்கும். கீழே எண் போட்ட வழிக்குறிப்புகள், ஏழோ எட்டோ. மொத்தம் நானூறு சொல்லுக்கு மேல் இடம் தரமாட்டார்கள். வாசகர் பத்திரிகையை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் எடுத்துக்கொண்டு போவது இந்த நானூறு சொல்லைத்தான். மூடுபனியைப் பற்றி நான் எழுதியதெல்லாம் வீட்டில் சோபாவில் கிடக்கும்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி. இன்றும் அதுதான் அடிப்படை. நான் அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்வேன். நைஸ்மித் நல்ல தேக பலம் உள்ள மனிதர்; அவருடைய கணக்கில் டீ குடிக்கவும் ஷூ கயிறு கட்டவும் நேரம் இல்லை.

வழி எழுதுவது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த எடிட்டர். இன்னொருவர் அம்மா. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வெளியூரிலிருந்து யாராவது வருவதென்றால் அம்மா போனில் வழி சொல்வாள்: "பஸ்ஸ விட்டு இறங்கி, கோவில் பக்கம் போயிராம, வாய்க்கா ஓரமாவே வாங்க. பாலம் ஏறிட்டீங்கன்னா தப்பு. திரும்பிருங்க." சின்ன வயதில் இதை நூறு முறை கேட்டிருப்பேன். சரியான வழியைச் சொல்வதோடு, தப்பினால் எது கண்ணில் படும் என்பதையும் அம்மா சொல்லிவிடுவாள். வழி தெரியாதவனுக்கு இரண்டாவதுதான் பெரிய உதவி. சரியாகப் போகிறவனுக்குக் குறிப்பே வேண்டாம்.

அதை அப்படியே எழுத ஆரம்பித்தேன். ஈடேலிலிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிகளில் ஏறி கிண்டர் மேட்டுக்குப் போகும் வழியில், படிகள் முடிந்த பிறகு வலது பக்கம் திரும்ப வேண்டும். பனியில் பலர் நேரே போய்விடுவார்கள். நான் எழுதியது: "ஈடேல் கிராஸ் என்ற பழைய கற்சிலுவையைப் பார்த்துவிட்டால் நீங்கள் திருப்பத்தைத் தாண்டிவிட்டீர்கள். வந்த வழியே திரும்புங்கள்." எடிட்டர் அந்த வரியை அடிக்கோடிட்டு, இனி எல்லாரும் இப்படி எழுத வேண்டும் என்று மற்ற எழுத்தாளர்களுக்கும் அனுப்பினார். எங்கள் ஊர் வாய்க்கால் பாலம் இந்த டெர்பிஷயர் மலையில் வேலை செய்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடக்கும்போது கையில் எழுத முடியாது. மழை, கையுறை, காற்று. அதனால் போனில் பேசிப் பதிவு செய்வேன், தமிழில்தான். "சுவர் இடது கை பக்கம். ஓடை சத்தம் கேக்குது, இன்னும் தெரியல. வேலிக்கு மேல ஏறுற மரப்படி, ஒரு பலகை ஆடுது." வீட்டுக்கு வந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். தமிழில் பேசினால் கண்ணில் பட்டது மட்டும் வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் பதிவு செய்தபோதெல்லாம் முன்பு எங்கேயோ படித்த கட்டுரை மாதிரி வந்தது.

ஒரு தவறை மட்டும் சொல்லியாக வேண்டும்.

என்னுடைய நான்காவது வருடம். ஒரு பள்ளத்தாக்கின் வழியில், "ஊசியிலைக் காட்டின் மூலை வந்ததும் வலது பக்கம் இறங்குங்கள்" என்று எழுதினேன். எழுதியபோது காடு இருந்தது. இருண்டு, மதில் மாதிரி நின்றது. பத்திரிகையில் எல்லாமே ஒரு வருடம் தள்ளித்தான் நடக்கும். இந்த இலையுதிர் காலத்துப் படம் அடுத்த இலையுதிர் கால இதழில்தான் வரும். அந்த இடைவெளியில் மரங்களை வெட்டிவிட்டார்கள். அது மரத்துக்காகவே வளர்த்த காடு, ஒரு நாள் வெட்டத்தான் வளர்த்தது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். நவம்பரில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் என் பக்கத்தை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காட்டின் மூலையைத் தேடி ஒன்றரை மைல் கூடுதலாக நடந்து, வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கி, இருட்டில் ஒரு பண்ணை வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கடிதம் கோபமாக இல்லை. "காடு இருந்த இடத்தில் அடிக்கட்டைகள்தான் இருந்தன, உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்று இருந்தது. அந்த அம்மாவின் முழங்கால் இரண்டு வாரம் வலித்ததாம். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

அடுத்த வாரமே போய் அந்த வழியை மறுபடி நடந்தேன். அன்றிலிருந்து எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கேட்டின் நிறம், நிறுத்தி வைத்த டிராக்டர், தோப்பு, கடையின் பெயர்ப்பலகை எதையும் நம்பக் கூடாது. கருங்கல் சுவர், ஓடைகள் கூடும் இடம், பாறை, சரிவு மாறும் இடம் ஆகியவற்றை நம்பலாம். கேட்டைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் அதோடு நிலைக்கக்கூடிய ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஆற்றுப்படை நடத்தியது அப்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது. பரிசு வாங்கி வருகிற கூத்தன், எதிரில் பசியோடு வருகிற இன்னொரு கூத்தனை நிறுத்தி, இப்படிப் போ என்று வழி சொல்வான். தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள் என்றெல்லாம்கூட வரும். தேர்வுக்குப் படித்தபோது அது வெறும் வரிகள். இப்போது, 'மே மாதத்தில் கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகாதீர்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள்' என்று எழுதும்போது, அந்தக் கூத்தன் முதலில் நடந்து பார்த்தவன் என்பது எனக்குப் புரிகிறது.

காசைப் பற்றி யாராவது கேட்பார்கள். முதல் கட்டுரைக்கு 180 பவுண்டு கிடைத்தது, அதுவும் இதழ் வெளிவந்த பிறகு. இரண்டு முறை நடக்க வேண்டும், ரயில் டிக்கெட், படம், எழுத்து, சரிபார்ப்பு. மணிக்கணக்கு போட்டுப் பார்த்தால் கட்டாது. அலுவலக வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் இளம் பிள்ளைகளிடம் விடாதே என்றுதான் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பத்திரிகையோடு பல வருடம் மல்லுக்கு நின்றேன். வழிகள் எல்லாமே ஒரு கார் நிறுத்துமிடத்தில் தொடங்கும். கார் இல்லாதவர்களும் அந்தச் சட்டத்தின்படி நடக்கலாம் அல்லவா? 1932இல் வந்தவர்கள் யாரும் காரில் வரவில்லை. நான் எழுதுகிற வழிகள் ரயில் ஸ்டேஷனிலோ பஸ் நிறுத்தத்திலோ தொடங்கும் என்று சொல்லிவிட்டேன். முதலில் இடம் இல்லை என்றார்கள். அப்புறம் நகரத்திலிருந்து, எங்களைப் போன்ற நிறத்தில் இருக்கும் குடும்பங்களிடமிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மலையில் என்னைப் பார்த்து, "வழி தவறி வந்துவிட்டீர்களா?" என்று அக்கறையோடு கேட்டவர்கள் பலர். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வலித்தது. அந்தக் கடிதங்கள் வந்த பிறகு அது குறைந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா வந்திருந்தாள். வயது அறுபத்தெட்டு. சேலைக்கு மேல் என் பழைய ஜாக்கெட், காலில் கேன்வாஸ் ஷூ. ஈடேலிலிருந்து அப்பர் பூத் வரை கூட்டிக்கொண்டு போனேன். அதிக ஏற்றம் இல்லாத வயல் பாதை. அது நான் எழுதிய வழிதான். பத்திரிகைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா சுவரைப் பார்ப்பாள், கேட்டைப் பார்ப்பாள், தலையாட்டுவாள். இரண்டாவது வயலில் ஆட்டுக்குட்டிகள் ஓடியபோது நின்றவள், கொஞ்ச நேரம் நகரவில்லை. முட்டி வலி என்று எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, எல்லாம் சரியா எழுதிருக்க. எங்கன உக்காரணும்னு எழுதலியே?"

சுற்றிப் பார்த்தேன். சுவர் இடிந்து சரிந்த இடத்தில், காற்று படாத பக்கமாக, தட்டையாக ஒரு கல் கிடந்தது. இந்த வழியாக இருபது முறையாவது போயிருப்பேன், அதைக் கவனித்ததில்லை. அம்மா அதில் உட்கார்ந்து பையிலிருந்து முறுக்கை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எடிட்டருக்கு எழுதினேன், கட்டத்தில் இன்னொரு வரிக்கு இடம் வேண்டும் என்று. எத்தனை சொல் என்று கேட்டார். ஆறு போதும் என்றேன்.