வாய்க்கட்டு யாருக்கு?

"காணிக்காரரிடம் நான் வாய் திறக்கக் கூடாது, சரி. ஆனால் இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது என்பதும் இரகசியமா, சேர்?"

என்னிடம் மெய்யியல் படித்து, பிறகு சட்டத்தரணியானவள் 2017இல் கேட்டாள். பெயரோ ஊரோ சொல்லவில்லை. இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வயல். உரியவர் 1990இல் இடம்பெயர்ந்தவர். அன்றிலிருந்து அவளுடைய கட்சிக்காரர்தான் விதைத்து வெட்டுகிறார். பத்து வருடம் இடையூறின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் வழக்குத் தொடர முடியாதவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம். அதன் ஆயுள் இரண்டே வருடம். "அதுவரை பேசாமல் இருந்தால் போதும்தானே?" என்று கட்சிக்காரர் கேட்டிருக்கிறார்.

நான் சொன்னேன்: "சட்டம் இரகசியமல்ல, மகள். ஆனால் அந்த ஒருவரைத் தேடிப்போய் நீ சொல்வாயானால், அது உன் கட்சிக்காரர் உன்னை நம்பிப் பேசியதால்தான். அது காட்டிக்கொடுப்பு."

இந்த வாதத்தில் இன்றும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. கட்சிக்காரர் சொன்னதைச் சட்டத்தரணி வெளியிடக் கூடாது என்னும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவே, விதிவிலக்குக்கு ஓர் உதாரணம் தருகிறது: கள்ள உறுதியை வைத்துக் காணி பிடிக்க உதவு என்று கேட்பவரின் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை. இங்கே கள்ள உறுதி இல்லை. சும்மா இருப்பது குற்றமுமல்ல. அவள் தலையாட்டினாள், முகம் தெளியவில்லை.

ஆனால் வாய்க்கட்டு அவளுக்குத்தானே? நான் சட்டத்தரணி அல்ல. எனக்குக் கட்சிக்காரர் எவருமில்லை. ஒரு கோயில் மண்டபத்தில் ஊராரை இருத்தி, "இடம்பெயர்ந்த உறவுகளுக்குச் சொல்லுங்கள், காலம் முடிகிறது" என்று சொல்ல யாருடைய பெயரும் தேவையில்லை. அவள் கேட்டதால்தான் அந்தப் பக்கம் போவேன், ஆகவே அதுவும் காட்டிக்கொடுப்பே என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முந்தைய வருடமே அந்தச் சட்டத்தை வகுப்பில் கற்பித்திருந்தேன். அவள் வருவதற்கு முன்பே போயிருக்கலாம். அப்போது போகாதவன், அவள் வந்துபோன பிறகு அவளுடைய கடமையைக் காரணம் காட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

அவளுக்குச் சொன்ன விடையை நான் மாற்ற மாட்டேன்.

அந்தச் சட்டம் காலாவதியாக அன்று இன்னும் மாதங்கள் இருந்தன. படுவான்கரைக்குப் போகும் மண்முனைப் பாலமும் அப்போது திறந்துதான் இருந்தது.