மலைக்கு ஓர் உழவாரம்

விழுப்புரத்தில் ஏறிய பஸ் செஞ்சிக் கோட்டையைத் தாண்டியதும் அம்மா என்னை எழுப்பி ஜன்னலோரத்துக்கு மாறிக்கொள்வார். கீழ்பென்னாத்தூர் பக்கம் போனால் மலை கண்ணில் படும். முதலில் பார்த்தவர் "அண்ணாமலையானுக்கு அரோகரா" சொல்ல வேண்டும் என்பது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்களுக்குள் இருக்கிற பழக்கம். கடந்த ஐப்பசிப் பௌர்ணமிக்குப் போனபோதும் அம்மாதான் முதலில் சொன்னார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருவண்ணாமலையை நெருங்கியபோது, குரலை இறக்கி, "அந்தத் தழும்பு இன்னும் ஆறலை பாரு" என்றார்.

எனக்கும் தெரிந்தது. பச்சைச் சரிவின் நடுவே, நகத்தால் கீறியதுபோல் ஒரு செம்மண் கோடு.

2024 டிசம்பர் 1-ம் தேதி மாலையில் நடந்தது அது. முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், சீக்கிரம் நகர்ந்து போகாமல் நின்று கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அதே மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் இருந்த ஒரு வீட்டை மூடிவிட்டது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து மகா தீபம். மலையேறப் பக்தர்களை விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து போகிறவர்கள் மட்டும் ஏறினார்கள்.

அன்று தீபத்தை டிவியில் பார்த்து முடித்த அம்மா, விளக்கைத் தூண்டிவிட்டபடியே கேட்டார்: "மலைதான் சாமின்னு சொல்றோம். சாமி உடம்புல காயம் பட்டிருக்கு. நாம பூசை மட்டும் பண்ணிட்டு இருந்தா சரியா இருக்குமாடி?"

நிலச்சரிவுக்கு ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. சரிவின் செங்குத்து, பாறையின் தன்மை, அடிவாரத்தை நெருங்கி எழும்பிய வீடுகள் என்று பலதும் அதில் சேரும். ஆனால் மழையின் குணமும் மாறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். வங்கக் கடலும் சூடேறிக்கொண்டிருக்கிறது. சுமந்த அத்தனையையும் அந்தக் காற்று ஓர் இரவில் இறக்கிவைத்தால் மலையே ஆனாலும் என்ன செய்யும்?

அருணாசலப் புராணக் கதையை அம்மா சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அடிமுடி தெரியாத நெருப்பாக நின்றவன் கிருத யுகத்தில் அக்னி மலை. திரேதா யுகத்தில் மாணிக்க மலை. துவாபரத்தில் பொன்மலை. இந்தக் கலியில் கல்மலை. அந்தச் சூட்டை நம்மால் தாங்க முடியாது என்று இரக்கப்பட்டுத் தன்னைத் தானே குளிரவைத்துக்கொண்டான் என்பார் அம்மா. சின்ன வயதில் அது வெறும் கதை. இப்போது அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நமக்காகக் குளிர்ந்தவனைச் சுற்றி நாம் சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அன்று அன்னாபிஷேகம். வரிசையில் நின்ற நேரத்தை எழுதிப் பயனில்லை, பௌர்ணமிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சந்நிதியில் நின்றது அரை நிமிடம் இருக்குமா? வெள்ளை வெளேரென்று சோற்றால் மூடிய திருமேனி, அதன்மேல் காய்கள், விளக்கொளி. எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் வேட்டியில் சேறு காயாமல் இருந்தது. நேரே வயலிலிருந்து வந்திருப்பார்போல. "மழைய அளவாக் குடு அப்பா" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. என் வேண்டுதல் எல்லாம் எனக்கு மறந்துபோய், அவருடையதையே நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் கிரிவலம். 14 கி.மீ. செருப்பில்லாமல், இடதுபுறமாக, நிறைமாதக் கர்ப்பிணி ராணி அடியெடுத்து வைப்பதுபோல் மெதுவாக நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாஸ்ரமம் தாண்டி எம லிங்கம். அதைத் தாண்டியதும் எப்போதும் எனக்கு ஓர் உறுத்தல் வரும். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, அப்பா உடம்பு தேறியதற்கு நேர்ந்துகொண்டு, அந்த இடத்தில் நின்று ஆயிரம் தண்ணீர் பாக்கெட் தானம் கொடுத்தோம். எத்தனை பேர் வாழ்த்திவிட்டுப் போனார்கள்! விடிந்ததும் பார்த்தால் சாலையோர ஓடை முழுக்கப் பிளாஸ்டிக் உறை. காற்று அதைக் காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பசு ஓர் உறையை மென்றுகொண்டு நின்றது. அம்மா ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. ஊருக்குத் திரும்பும்வரை பேசவே இல்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். எங்கள் வீட்டில் அந்தப் பசுவைப் பார்த்த அன்றே வந்துவிட்டது.

அம்மா ஓர் உழவாரப்பணி மன்றத்தில் இருக்கிறார். இருபது பெண்கள். மாதம் ஒரு ஞாயிறு ஏதாவது பழைய சிவன் கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தில் புல் செதுக்கி, தூண்களைத் துடைத்து, குளத்துப் படியைக் கழுவிவிட்டு வருவார்கள். அப்பர் சுவாமிகள் கையில் பிடித்த அதே உழவாரப் படைதான் அவர்கள் கையிலும். இந்தப் பௌர்ணமிக்கு மன்றமே கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போட்டது. பெரிய அண்டாக்கள், அறுபது எவர்சில்வர் டம்ளர், கழுவ இரண்டு தொட்டி. ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் டம்ளர் கழுவினார்கள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்க நிற்கும் அந்த ஒரு நொடியில், தள்ளிக்கொண்டு வந்தவர்கள்கூட நிதானமாகி, முகத்தைப் பார்த்து "நமசிவாய" சொல்லிவிட்டுப் போனதைக் கவனித்தேன். பாக்கெட் கொடுத்த வருடம் இப்படி நடக்கவில்லை.

பக்கத்துப் பந்தலில் சுடச்சுட வெண்பொங்கல். கொடுத்தது உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கிண்ணத்தில். அம்மா பேசாமல் இருக்க மாட்டாரே. அந்தப் பந்தல்காரரிடம் போய், "ஐயா, பொங்கல் அமிர்தமா இருக்கு. அடுத்த பௌர்ணமிக்குத் தொன்னை நாங்க வாங்கியாந்து தர்றோம், அதுல குடுப்பீங்களா?" என்றார். அவர் ஒரு கணம் யோசித்து, "நீங்க ஏம்மா வாங்கணும்? எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிளாஸ்டிக் கூடாது என்று அரசு வைத்த அறிவிப்புப் பலகை அதே இடத்தில்தான் இருந்தது. அது செய்யாததை ஒரு வயதான அடியார் இன்னோர் அடியாரிடம் கேட்ட ஒரு கேள்வி செய்தது. பக்தர்கள் கூட்டத்துக்கு இருக்கிற பலம் இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே ஒருவர் சொல்வதை இன்னொருவர் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, தொண்டாக எடுத்துக்கொள்கிறார். ஷீரடியில் 2009-லிருந்து சூரிய வெப்பத்தில் நீராவி உண்டாக்கிப் பிரசாதாலயத்துக்குச் சமைக்கிறார்கள். நம் அன்னதானக் கூடங்களில் அடுப்பு மாற யாராவது இப்படி ஒருவர் கேட்டால் போதும்.

மறுநாள் சத்திரத்தில் ஓய்வு. அதற்கடுத்த நாள் விடியற்காலையில்தான் நாங்கள் வந்த இன்னொரு வேலை. வனத்துறை அனுமதியோடு மலைச் சரிவில் கன்று நடும் குழுவோடு மன்றத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டோம்.

இன்று பச்சையாகத் தெரியும் இந்த மலை ஒரு காலத்தில் மொட்டையாக, வெறும் புல்லும் பாறையுமாக இருந்தது. ரமணர் 1922 வரை இருந்த கந்தாஸ்ரமத்தைச் சுற்றியிருந்ததுபோல அங்கங்கே கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். 1980-களின் கடைசியிலிருந்து ஆசிரமத்தைச் சுற்றியிருந்த அடியார்கள் சிலர் நாற்றங்கால் போட்டுக் கன்று சுமந்து ஏற ஆரம்பித்தார்கள். அதன்பின் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்றவர்கள் வருடா வருடம் நடுகிறார்கள், கோடையில் தீயும் அணைக்கிறார்கள். இதில் வெளிநாட்டிலிருந்து மலையைத் தேடி வந்தவர்களும் உண்டு, அடிவாரத்து ஊர்க்காரர்களும் உண்டு.

ஆனால் மலையின் ஆதி நிலை மொட்டை இல்லை. சம்பந்தர் அண்ணாமலைப் பதிகத்தில் பாடியிருப்பதைப் படித்தால் தெரியும். அருவித்திரள் முழவுபோல அதிர்கிறது. ஆண்குரங்கு தேமாங்கனியைப் பறித்து விட்ட கொம்பு மேகத்தில் பட்டு நுண்துளி சிதறுகிறது. காட்டுப்பசுக்கள் பொழிலில் வந்து அணைகின்றன. மயில் பெடையோடு உறைகிறது. இதெல்லாம் கவிதை அழகுக்குச் சொன்னது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சிவனைப் பாட வந்தவர் முதலில் காட்டைத்தான் பாடியிருக்கிறார். நாம் அந்தப் பதிகத்தை மனப்பாடம் செய்தோம், பாடப்பட்ட காட்டை இழந்தோம்.

மழைக்கு முன்பே குழிகள் வெட்டி வைத்திருந்தார்கள். வில்வம், நாவல், உசில், வெட்பாலை, இலுப்பை, புங்கன். எல்லாம் இந்தப் பகுதிக்கே உரிய மரங்கள், முழங்கால் உயரக் கன்றுகள். தட்டில் அடுக்கித் தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஏறினோம். அம்மாவுக்கு மூட்டுவலி, அடிவாரத்திலேயே கன்று எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆனால் ஒன்றாவது நட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே வந்தார். வில்வக் கன்றை உறையிலிருந்து மண் உதிராமல் எடுத்து, குழியில் இறக்கி, மண் தள்ளி, சுற்றிப் புல்லைப் பரப்பி, திருவாசகத்திலிருந்து இரண்டு வரி முணுமுணுத்தார். கழற்றிய உறைகளை எண்ணிப் பைக்குள் போட்டுக் கீழே இறக்க வேண்டும், ஒன்றுகூட மலையில் தங்கக் கூடாது என்பது குழுவின் விதி.

எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அடிவாரத்து ஊர்ப் பெண். பல வருடமாக இந்த மலையில் நடுகிறவர். "நடுறது ஒரு நிமிச வேலைக்கா. சாமி கும்புடுற மாதிரி. சித்திரை வெயில்ல இதைக் காப்பாத்துறதுதான் விரதம்" என்றார். எதிரி யார் என்று கேட்டேன். புல்லைக் காட்டினார்.

மழைக்காலத்தில் இடுப்பளவு வளரும் புல், கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். மாசி பங்குனியில் காய்ந்து சருகாகிவிடும். யாரோ பாறையில் ஏற்றிவிட்டுப் போன கற்பூரம், அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, எது விழுந்தாலும் போதும். காற்று கிளம்பினால் ஒரு சரிவே எரியும். ஐந்து வருடக் கன்று ஒரு மதியத்தில் கரியாகும். வேர் செத்த மண்ணில் அடுத்த மழை விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மண்ணையும் சுரண்டிக்கொண்டு குளத்துக்கு ஓடும். அதனால் கோடைக்கு முன்பே சரிவில் நீளமான பட்டைகளாகப் புல்லை அறுத்து, தீ தாண்ட முடியாதபடி வெற்றிடம் உண்டாக்குகிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பெயர். ஆள்பலம் நிறைய வேண்டும், போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது, அதனால் நடுவதற்கு வருகிற கூட்டம் அறுப்பதற்கு வராது என்றார் அந்தப் பெண்.

அம்மா இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் துணிப்பையைத் திறந்து உழவாரப் படையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதால அறுக்க முடியுமாம்மா?"

அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்து, விரலால் கூர் தடவி, "கைப்பிடி இன்னும் நீளமா வேணும்க்கா. மத்தபடி இதான் வேலைக்கு ஆவும்" என்றார்.

இத்தனை வருடமாகக் கோயில் பிராகாரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தோமே, 14 கி.மீ. சுற்றும் இந்தப் பாதைக்குள் இருப்பதும் பிராகாரம்தானே என்று அம்மா கேட்டபோது மன்றத்துப் பெண்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு மலையில் மரம் வளர்ந்தால் வங்கக் கடல் குளிர்ந்துவிடாது என்று எனக்குத் தெரியும். நிலக்கரி எரிவதையும் இது நிறுத்தாது. அதற்கான குரலும் நம்மிடமிருந்து எழத்தான் வேண்டும். ஆனால் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான கால்கள் சுற்றிவரும் மலை இது. அதில் நூற்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு காலைப்பொழுது ஏறி வந்தால், புல் அறுக்க ஆள் இல்லை என்ற பேச்சே இருக்காது.

திரும்பும்போது விழுப்புரம் போகும் ரயிலைப் பிடித்தோம். ஸ்டேஷனில் அம்மா என்னிடம் போனைக் கேட்டு வாங்கி, மன்றத்துத் தலைவி அக்காவை அழைத்தார். "தை மாசம் எந்தக் கோயிலுன்னு பேசிட்டு இருந்தோமில்ல? அதை எழுதாதீங்க. இருவது பேருக்கும் நீளக் கைப்பிடி போடணும், கொல்லர்கிட்ட என்ன விலைன்னு கேட்டு வைங்க." பேசிக்கொண்டே தலையைத் திருப்பி மலையைப் பார்த்து, இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.