பழைய சின்ன கார்: பெட்ரோலா டீசலா? நம்ம ஊரு ஓட்டத்துக்கு என்னோட கணக்கு

காரைக்குடி பக்கம் பழைய கார் வாங்கணும்னு யாரு கிளம்புனாலும் முதல்ல காதுல விழுறது "டீசலா பாருப்பா, மைலேஜ் கொடுக்கும்"தான். டீக்கடையில உக்காந்திருக்க பெரியவரும் அதத்தான் சொல்றாரு, வண்டிய விக்கிற புரோக்கரும் அதத்தான் சொல்றாரு. இந்தப் பேச்சு சும்மா வரல. 2012 வாக்குல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25, 30 ரூபா வித்தியாசம் இருந்துச்சு, டீசல் விலைய அரசாங்கம் புடிச்சு வச்சிருந்தது, அப்ப ஸ்விஃப்ட் டீசல் வேணும்னா மாசக்கணக்குல காத்துக் கெடந்து வாங்குனாங்க. 2014 அக்டோபர்ல டீசல் மேல இருந்த விலைக்கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க. அதுக்கு அப்புறம் அந்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு, 2021ல தமிழ்நாட்டுல பெட்ரோல் வரியில 3 ரூபா வேற கொறைச்சாங்க. நான் இந்தக் கணக்கப் போட்டப்ப நம்ம பங்க்குல பெட்ரோல் 101 பக்கம், டீசல் 93 பக்கம். எட்டு ரூபாதான் வித்தியாசம். விலை மாறிப்போச்சு, பேச்சு மட்டும் மாறல.

தேவகோட்டையில இருக்க சித்தப்பாவுக்கும், காரைக்குடியில இருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போற என் மச்சினனுக்கும் ஒரே நேரத்துல கார் தேட வேண்டியதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பட்ஜெட், ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி, ஆனா பதில் வேற வேற. அதனாலதான் இத விரிவா எழுதுறேன், ஏன்னா தெரிஞ்சவங்க யாரும் மத்தவங்க பேச்சக் கேட்டு காச விட்டுறக்கூடாது.

சித்தப்பா ஓட்டம் என்னன்னா, காரைக்குடி ஆஸ்பத்திரி, பேங்க், நாள் கெழமைன்னா பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, எப்பவாச்சும் பேரப்பிள்ளைகள கூப்பிட மதுரை ஏர்போர்ட். எல்லாம் கூட்டுனா மாசம் 500 கிலோமீட்டர் தேறும். பார்த்த வண்டி ரெண்டும் ஸ்விஃப்ட், கிட்டத்தட்ட ஒரே வருஷம், ஒண்ணு 1.2 பெட்ரோல், ஒண்ணு 1.3 டீசல். கம்பெனி சொல்ற மைலேஜ விடுங்க, நம்ம டவுன்லயும் ரோட்லயும் கலந்து ஏசி போட்டு ஓட்டுனா டீசல் 19, 20 வரும், பெட்ரோல் 15 வரும். அப்ப டீசலுக்கு கிலோமீட்டருக்கு 4 ரூபா 80 காசு, பெட்ரோலுக்கு 6 ரூபா 70 காசு. சுருக்கமா கிலோமீட்டருக்கு 2 ரூபா மிச்சம்னு வச்சுக்குவோம். 500 கிலோமீட்டருக்கு மாசம் ஆயிரம் ரூபா. டீசல் வண்டிக்கு 60 ஆயிரம் கூடக் கேக்குறாங்கன்னா அந்தக் காசு திரும்ப அஞ்சு வருஷம் ஆகும், அதுவும் நடுவுல ஒரு பெரிய செலவும் வரலைன்னாத்தான்.

மச்சினன் கணக்கு வேற. புதுக்கோட்டை இங்கேருந்து ஒரு 40 கிலோமீட்டர், போக வர 80, மாசத்துல 25 நாள்னா 2000 கிலோமீட்டர். மாசம் 4 ஆயிரம் மிச்சம், அந்த 60 ஆயிரம் 15 மாசத்துல வந்துரும். "அத்தான், அப்ப எனக்கு டீசல்தானே?"ன்னான். ஆமாடா, உனக்கு டீசல்தான்னு சொல்லிட்டேன், ரெண்டாவது யோசனையே இல்ல.

ஆனா காசுக் கணக்கு மட்டும் பாத்தா பாதிதான் பாத்த மாதிரி. டீசல் எஞ்சினோட குணமே தூரம் ஓடணும்கிறதுதான். அதுல புகையில ஒரு பகுதிய திருப்பி எஞ்சினுக்குள்ளயே அனுப்புற ஈஜிஆர் வால்வு இருக்கு, எஞ்சின் சூடேறாம ரெண்டு கிலோமீட்டர் போயி ஆஃப் பண்ணி திரும்ப ரெண்டு கிலோமீட்டர் வந்து ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்தா அதுல கரி படிஞ்சுக்கிட்டே வரும், இழுவை கொறையும், கரும்புகை தள்ளும். தினம் புதுக்கோட்டை ரோட்ல நல்லா சூடேறி ஓடுற வண்டிக்கு இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. ஊருக்குள்ளயே செக்காலை ரோட்டுக்கும் கழனிவாசலுக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு இது கண்டிப்பா வரும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 புகை விதிப்படி செஞ்ச டீசல்னா இன்னும் கவனம் வேணும், அதுல கரிய புடிச்சு வைக்கிற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் உண்டு, அந்தக் கரி எரிஞ்சு போகணும்னா சைலன்சர் பக்கம் 600 டிகிரி அளவுக்கு சூடு வரணும், அதுக்கு வண்டி விடாம கொஞ்ச நேரம் வேகமா ஓடணும், ஊருக்குள்ளயே சுத்துனா ஃபில்டர் அடைச்சு டேஷ்போர்டுல லைட் எரியும். மாருதி 2020ல டீசலையே விட்டுட்டாங்க, அதனால ஸ்விஃப்ட், ரிட்ஸ் எல்லாம் பழைய பி.எஸ். 4 வரைக்கும்தான் கிடைக்கும், அதுல இந்த ஃபில்டர் தொல்லை இல்ல.

அப்புறம் நாசில். மெக்கானிக்குக நாசில்னு சொல்றது எஞ்சினுக்குள்ள டீசலப் பீச்சுற இன்ஜெக்டர, நாலு சிலிண்டருக்கு நாலு. புதுசு ஒண்ணே பத்தாயிரத்தத் தாண்டும், காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற டர்போ போனா அதுக்கும் மேல. பெட்ரோல் வண்டியில இந்த அளவுக்கு பயமுறுத்துற சாமான் கிடையாது, பிளக் மாத்துனா சில நூறு ரூபாயோட முடிஞ்சிரும். இன்னொண்ணு, ஒரே குழாயில இருந்து எல்லா நாசிலுக்கும் அழுத்தமா டீசல் போற காமன் ரெயில் எஞ்சினுக்கு நாசில மெஷின்ல போட்டு டெஸ்ட் பண்ணணும்னா பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பத்தான் சொல்றாங்க, வண்டி ரெண்டு மூணு நாள் நின்னுரும். வயசானவங்க வீட்ல ஆஸ்பத்திரி அவசரத்துக்குன்னு வாங்குற வண்டி அப்படி நிக்கக்கூடாது. சித்தப்பாவுக்கு பெட்ரோல்னு நான் அடிச்சுச் சொன்னதுக்கு மைலேஜ விட இதுதான் பெரிய காரணம்.

டீசலுக்கு ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிறணும். அந்த 1.3 எஞ்சின் ஃபியட் கம்பெனியோட மல்டிஜெட், ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புண்ட்டோன்னு பல வண்டியில ஓடுன எஞ்சின், டைமிங் செயின் உள்ளது, அதத் தொடாத மெக்கானிக் நம்ம ஊர்ல இல்ல. டார்க்குன்னு சொல்ற இழுவை சக்தி 190 நியூட்டன் மீட்டர், அதே ஸ்விஃப்ட் பெட்ரோல்ல 115 பக்கம்தான். அஞ்சு பேரு உக்காந்து டிக்கி நெறைய சாமான் ஏத்தி ஏசி போட்டு மதுரை ரோட்ல லாரிய முந்தும்போது அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குறவங்க பின்னாடியே சாமானோட மெதுவா உருட்டிக்கிட்டுப் போகணும்னாலும் டீசல் ஆக்ஸிலேட்டர் மிதிக்காமலே முதல் கியர்ல நகரும், பெட்ரோல்ல கிளட்ச்சோட கெஞ்சிக்கிட்டே போகணும். குறைன்னா ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழ அது தூங்கும், சந்துல திரும்பும்போது கியரக் கொறைக்கலைன்னா இழுக்காது.

இனிமே சொல்றது நம்ம ஊருக்குன்னே உள்ள விஷயம். செட்டிநாட்டுல பெரிய பெரிய வீட்டுக்காரங்க சென்னையில, சிங்கப்பூர்ல, மலேசியாவுல இருப்பாங்க, ஊர் வீட்டுக்குன்னு ஒரு கார் வாங்கி விட்டிருப்பாங்க, கல்யாணம், படைப்பு, திருவிழான்னு வரும்போது மட்டும் ஓட்டுவாங்க. வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், பின்கட்டு கொட்டகையில வண்டி மூடாக்கு போட்டு நிக்கும். பத்து வருஷ வண்டி, 35 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் கேட்டுப் பாத்தீங்கன்னா இப்படி வண்டி கெடைக்கும். வேற ஊர்ல டீசல் வண்டி பத்து வருஷத்துல 50 ஆயிரம்தான் ஓடிருக்குன்னா மீட்டரத் திருப்பிட்டாங்கன்னு நேரா சொல்லிறலாம், ஏன்னா கூடக் காசு போட்டு டீசல் வாங்குனவன் ஓட்டத்தான் வாங்கிருப்பான். இங்க அது உண்மையாவும் இருக்கும். அதனால கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சிருக்கான்னு பாருங்க, டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2316ன்னா 2016ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், வண்டியோட வந்த டயர் இன்னும் பட்டன் நெறைய இருந்தா மீட்டர் பொய் சொல்லல.

ஆனா கம்மியா ஓடுன வண்டின்னதும் கண்ண மூடிக்கிட்டு வாங்கிறாதீங்க. நின்ன வண்டிக்குன்னு தனி நோய் உண்டு. டயர் பாக்க புதுசா இருக்கும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். எலி ஒயர கடிச்சிருக்கும். டீசல் டேங்க்ல தண்ணி சேந்திருக்கும், அது நாசிலுக்குப் போனா அவ்ளோதான், அதனால வாங்குன ஒடனே டீசல் ஃபில்டர மாத்துங்க. பெட்ரோலுக்கும் இப்ப ஒரு சங்கடம் இருக்கு, பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல நிறுத்தி வச்சா நல்லதில்ல. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிகள்ல பெரும்பாலானது இதுக்குன்னு செஞ்சதில்ல, ரப்பர் ஹோஸ், கேஸ்கட் எல்லாம் சர்வீஸ்ல ஒரு தடவ பாத்துக்கணும், பழைய கார்ல மைலேஜ் ஆறேழு சதவீதம் கொறையலாம்னு நிதி ஆயோக் அறிக்கையிலயே போட்டிருக்கு. நான் மேல போட்ட 15ங்கிறது அதையும் சேத்துத்தான்.

வண்டி பாக்கப் போறீங்கன்னா காலையில சொல்லாமப் போங்க, இல்லன்னா ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. பானட்ட தொட்டுப் பாத்தா சூடா இருந்துச்சுன்னா, முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, அன்னிக்குத் திரும்பிருங்க, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. டீசல் குளிர்ந்த எஞ்சின்ல ஒரே கிராங்க்ல புடிக்கணும், இழுத்து இழுத்துப் புடிச்சா ஹீட்டர் பிளக்கோ நாசிலோ கம்ப்ரஷனோ ஏதோ ஒண்ணு சரியில்ல. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியத் தொறந்து பாருங்க, டீசல்ல லேசா ஆவி வரும், குபுகுபுன்னு அடிச்சா விட்டுருங்க. நீலப்புகைன்னா ஆயில் எரியுது. டீசல்ல எஞ்சின் ஆயில் கறுப்பா இருந்தா பயப்பட வேணாம், மாத்துன கொஞ்ச நாள்லயே அப்படித்தான் ஆகும். கூலன்ட் டேங்க்ல துரு கலர்ல தண்ணி இருந்தா போர் தண்ணிய ஊத்தி ஓட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது எந்த எஞ்சினுக்கும் ஆகாது.

சென்னையில இருந்து விலை கொறைஞ்சு வர்ற வண்டின்னா சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மழையிலயும் முங்குன வண்டிகளோட சேறு அந்தப் பெல்ட்லயும் ஸ்டெப்னி குழியிலயும்தான் மிச்சம் இருக்கும். டெல்லி வண்டி டீசல் ரொம்ப சல்லிசா வருதுன்னு ஒரு பேச்சு ஓடும். அங்க பத்து வருஷம் தாண்டுன டீசலுக்குத் தடை போட்டிருந்தாங்க, அதனாலதான் சல்லிசா வந்துச்சு. நம்ம ஊர்ல அந்தப் பத்து வருஷத் தடை இல்ல, அதனால நம்ம டி.என். 63 டீசலுக்கு அந்தப் பயம் வேணாம், ஆனா டெல்லி வண்டிய இங்க மாத்தணும்னா அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்குற தடையில்லாச் சான்று (என்ஓசி), வரின்னு அலைச்சலும் செலவும் சேந்து வரும். நம்ம வண்டியே 15 வருஷம் ஆச்சுன்னா ஆர்சி புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5000, பசுமை வரி தனி. 2011, 2012 மாடல் எடுக்குறவங்க இதையும் விலையில கழிச்சுப் பேசுங்க.

இன்சூரன்ஸ்ல டீசல் கூட வரும்னு சொல்லுவாங்க, தேர்டு பார்ட்டிக்கு அப்படி இல்ல, அது எஞ்சின் அளவு, அதாவது சிசி கணக்கு. 2022ல வச்ச ரேட்டுப்படி ஆயிரம் சிசிக்குக் கீழ 2094, ஆயிரத்துக்கும் 1500க்கும் நடுவுல 3416, ஜிஎஸ்டி தனி. ஸ்விஃப்ட் ரெண்டுமே ஒரே படிதான், வேகன்ஆர் ஒரு லிட்டர்னா கீழ்ப்படி. கடன்ல வாங்குன வண்டியா இருந்தா பேங்க் என்ஓசி, ஃபார்ம் 35 இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க, ஆர்சிய உங்க பேருக்கு மாத்துறதுக்கு ஃபார்ம் 29, 30. பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாம இருந்ததுக்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவருக்குத்தான்.

மச்சினனுக்கு கோட்டையூர்ல ஒரு ரிட்ஸ் டீசல் அமைஞ்சுது, சென்னைக்காரங்க ஊர் வீட்டு வண்டி, டயர் நாலும் ஃபில்டரும் பேட்டரியும் மாத்துனோம், அந்தச் செலவையும் விலையில கழிச்சுத்தான் பேசுனோம். சித்தப்பா அந்த ஸ்விஃப்ட் பெட்ரோல வேணாம்னுட்டாரு, சீட்டு தாழ்வா இருக்கு, சித்தியால முழங்கால் வலியோட ஏறி எறங்க முடியலன்னு. அது ரொம்ப சரியான காரணம், பெட்ரோல் டீசல் பேச்சுல நானே அவங்கள உக்கார வச்சுப் பாக்கச் சொல்லல, அவரு கேட்டாரு. இப்ப பள்ளத்தூர்ல ஒரு வேகன்ஆர் பெட்ரோல் சொல்லிருக்காங்க, சீட்டு உயரம், ஒரே ஓனர். ஞாயித்துக்கெழம காலையில சித்தியையும் கூட்டிக்கிட்டுப் போறோம், ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு ஃபோன் பண்ணிச் சொல்லியாச்சு.