கலைத்து அடுக்கிய கற்கள்

ஜோர்டானின் மாதபா நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உம் அர்-ரசாஸ் இடிபாடுகளில், புனித ஸ்தேவான் தேவாலயத்தின், சிறு வண்ணக் கற்களால் உருவங்கள் பதித்த மொசைக் தரையைப் பராமரிக்கும் குழுவில் ஒரு பருவம் பணியாற்றினேன். ஆட்டம் கண்ட கற்களை எடுத்து, அடியில் உள்ள மண்ணைத் துடைத்து, மீண்டும் சுண்ணாம்புக் காரையில் பதிப்பது என் வேலை. சிமென்ட்டை அண்டவிடுவதில்லை, அதிலிருந்து கசியும் உப்பு சில ஆண்டுகளிலேயே கல்லின் முகத்தை உரித்துவிடும்.

தரையின் நடுப்பகுதியில் ஓர் ஆள் உருவம் இருந்தது. உடலின் வெளிக்கோடு தெளிவாகத் தெரிந்தது. உள்ளே மட்டும் கற்கள் தாறுமாறாகக் கிடந்தன. யாரோ அக்கறையின்றிச் செய்த பழைய ஒட்டுவேலை என்றே முதலில் நினைத்தேன். ஈரப்பஞ்சால் துடைத்தபோதுதான் நிறங்கள் பேசின: கன்னத்துக்கு உரிய இளஞ்சிவப்பு, தலைமுடியின் பழுப்பு, ஆடையின் சிவப்பு, எல்லாம் அங்கேயே இருந்தன, இடம் மாறி. சுற்றிலும் எருசலேம் முதலான நகரங்களின் கோபுரங்களும் மதில்களும் சிதையாமல் நிற்க, உயிருள்ளவை மட்டும் கலைக்கப்பட்டிருந்தன. மாதபாவின் புகழ்பெற்ற 6ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்திலும் சாக்கடலில் படகு செலுத்துவோருக்கு இதே கதிதான்.

எட்டாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட இஸ்லாமியப் பேரரசர், உமையா கலீபா இரண்டாம் யஸீத், உருவங்களை அகற்ற ஆணையிட்டதாகப் பழைய ஏடுகள் சொல்கின்றன. இங்கிருந்த கிறிஸ்தவர்கள் அந்த ஆணைக்குப் பணிந்து செய்தார்களா, தம் மனம் மாறிச் செய்தார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கைகளுக்குத் தெரிந்தது ஒன்று. பகைவன் வந்திருந்தால் சுத்தியலால் உடைத்துப் போயிருப்பான்; இங்கே ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, புதுக் காரை பூசி, தரையில் பள்ளம் விழாதபடி அதே கற்களை நிரப்பியிருக்கிறார்கள். மறுநாளும் அந்தத் தரையில் நின்று தொழ வேண்டியவர்கள்தான் அவ்வளவு கவனமாகச் செய்திருக்க முடியும் என்று நம்புகிறேன்.

முகத்தை மீண்டும் கூட்டிவிடலாமே என்று எங்கள் பொறுப்பாளரிடம் கேட்டேன். “அந்தக் கலைப்பையும் சேர்த்துத்தான் நாம் காக்கிறோம்” என்றார் அவர்.

அன்று மாலை கலைந்த பகுதியில் இளஞ்சிவப்புக் கல் ஒன்று பெயர்ந்து வந்தது. கன்னத்தில் அது எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. வரைதாளில் அதன் இடத்தையும் சாய்வையும் குறித்துக்கொண்டு, பழுப்புக் கற்களுக்கு நடுவே, கிடந்த வாக்கிலேயே பதித்தேன்.